பிறந்த ஊரில் அந்நியர்

கூடைப்பந்து என்பது இந்நாட்டுத் தமிழரிடையே பெரும்பாலும் பள்ளிக்கூடத் திடலோடு நின்றுவிடும் ஆட்டம். உதைபந்தைப் பற்றித் தேநீர்க் கடையில் நள்ளிரவு வரை வாதிடுவோர் நம்மில் ஏராளம். கூடைப்பந்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச ஓர் ஆள் கிடைப்பது அருமை. ஆதலின், கிரேக்க தேசத்துக் கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றி நாம் இங்கு எழுதப் புகுவது நேயர்களிற் சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். பந்தைக் கூடையிலிடும் வித்தையில் நமக்கும் பெரிய ஞானம் கிடையாது. ஆனால் ஒரு மனிதன் ஒரு நாட்டுக்கு உரியவனாவது எதனால் என்னும் வினாவை, எத்தனையோ சட்டப் புத்தகங்களைவிடத் தெளிவாக எழுப்பிக் காட்டுவது இவரது வாழ்க்கை. அதனால்தான் பல ஆண்டுகளாக இவரை நாம் கவனித்து வருகிறோம்.

அவர் யானிஸ் அன்டெட்டோகூன்ம்போ. நாவைச் சுளுக்க வைக்கும் இப்பெயரிலேயே அவர் கதை பாதி அடங்கியிருக்கிறது. பெற்றோர் ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். தந்தையார் யொரூபா இனத்தவர். அம்மொழியில் குடும்பப் பெயர் ‘அடெடோகுன்போ’ என்பதாகும். கடல் கடந்து சென்று மீண்டு வந்த மகுடம் என்பது அதன் பொருள். கிரேக்க நெடுங்கணக்கில் நமது நாவில் ‘கம்பன்’ என்னும்போது ஒலிக்கும் மெல்லிய பகரத்துக்குத் தனி எழுத்துக் கிடையாது. மகரத்தையும் பகரத்தையும் சேர்த்தெழுதித்தான் அவ்வொலியைக் காட்டுவார்கள். அவ்வாறே ‘பந்து’ என்பதில் வரும் தகரத்தை ஒத்ததோர் ஒலிக்கு னகரத்தையும் டகரத்தையும் சேர்ப்பார்கள். எழுத்தின் குறையை மெல்லினத்தின் துணைகொண்டு தீர்க்கும் இவ்வழக்கம் தமிழராகிய நமக்குப் புதிதன்று. அவர்கள் எழுதிய வரையில் பிழையில்லை. பின்னர் அக்கிரேக்க எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஆங்கில எழுத்துக்கு மாற்றியபோது, துணைக்கு வந்த மெல்லினங்களும் பெயருக்குள்ளேயே குடியேறிவிட்டன. தந்தையாரின் ஊரில் எவரும் அறியாத ஒரு பெயர் இவ்வாறு பிறந்தது. தோட்டத்துக் கிராணிகளின் பேனாவில் பட்டுத் தம் பாட்டனார் பெயர் என்ன பாடுபட்டது என்பதை அறிந்த நம் நேயர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள்.

பெற்றோர் 1991-ஆம் ஆண்டில் லாகோஸ் நகரைவிட்டுப் புறப்பட்டார்கள். மூத்த மகனைப் பாட்டன் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தனர். தந்தையார் உதைபந்து ஆடியவர். தாயார் உயரம் தாண்டுதலில் வல்லவர். ஏதென்ஸ் நகரில் செப்போலியா என்னும் ஏழையர் மிகுந்த பகுதியில் குடியேறினர். அங்கே 1994-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் யானிஸ் பிறந்தார். கிரேக்கப் பள்ளியில் பயின்றார். தெருவில் விளையாடும்போது பேசியதும் கிரேக்க மொழியே. ஆனால் கிரேக்கப் பிரஜா உரிமை அவருக்கு இல்லை. நைஜீரியாவின் பத்திரமும் கையில் இல்லை. உலகப் படத்தில் வண்ணந் தீட்டிய எந்த நாட்டிலும் அவருக்கு இடமில்லாதிருந்தது. தாயாரோடு தெருவில் நின்று கைக்கடிகாரங்களும் கறுப்புக் கண்ணாடிகளும் கைப்பைகளும் விற்றார். போலீஸ்காரரைக் கண்டால் பெற்றோர் நெஞ்சு படபடத்தது. பிடித்து நாட்டைவிட்டு அனுப்பிவிட்டால் பிள்ளைகள் கதி என்னாவது?

பிறந்த மண் உரிமை தராமல், பெற்றோரின் இரத்தமே உரிமை தருவது கிரேக்க தேசத்தின் வழக்கம். இது நேற்று முளைத்ததன்று. கிறிஸ்துவுக்கு முன் 451-ஆம் ஆண்டில் பெரிக்ளீஸ் என்னும் பெருந்தலைவர், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் பிரஜைகளாயிருந்தாலன்றி எவரும் பிரஜையாகக் கருதப்படார் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். குடியாட்சியின் தந்தை என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பெரிக்ளீஸ்தான். பிற்பாடு நேர்ந்ததுதான் வேடிக்கை. கொள்ளை நோயில் அவருடைய முறையான புதல்வர் இருவரும் மாண்டனர். எஞ்சியவன், மிலேத்தஸ் நகரத்து அந்நியப் பெண்ணான அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகன் ஒருவனே. தாமே இயற்றிய சட்டப்படி அம்மகன் பிரஜையல்லன்! பெரிக்ளீஸ் மக்கள் சபையின் முன் நின்று அவனுக்கு மட்டும் விலக்குக் கேட்டார். சபையும் இரங்கிக் கொடுத்தது. சட்டம் அப்படியே இருந்தது. பெரிக்ளீஸைத் தகப்பனாராகப் பெறாத மற்ற அந்நியர் பிள்ளைகளும் அப்படியே இருந்தார்கள்.

நிற்க. யானிஸுக்கு ஒரு தலைமுறைக்கு முன் கிரேக்கர்களுக்குக் கூடைப்பந்தில் பித்தேற்றியவர் நிகோஸ் காலிஸ் என்பவர். இவர் 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், அங்கே குடியேறிய கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டை பழகினார். வீடு திரும்பும்போது முகத்தில் இருந்த காயங்களைக் கண்டு தாயார் அழுததால் அதை விட்டொழித்துக் கூடைப்பந்துக்கு வந்தார். கல்லூரி ஆட்டத்தில் அமெரிக்கா முழுவதிலும் அதிகப் புள்ளி எடுத்தவர்களில் மூன்றாவதாக நின்றார். 1979-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் சங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தும், கணுக்காலில் அடிபட்டதால் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. உடனே தம் வாழ்நாளில் குடியிருந்தறியாத கிரேக்க தேசத்துக்குக் கப்பலேறாத குறையாகப் போய், தெசலோனிக்கி நகரின் ஆரிஸ் சங்கத்தில் சேர்ந்தார். பெற்றோர் கிரேக்கர் என்னும் ஒன்றே போதுமானதாயிருந்தது. அவரை எவரும் அந்நியர் என்று எண்ணவில்லை.

காலிஸின் திறமையைக் குறைத்துச் சொல்ல நமக்கு எண்ணமில்லை. ஆறடிக்கு மேற்படாத உயரத்தைக்கொண்டு, பனை போன்றவர்களின் நடுவே புகுந்து வெளிவந்த அவருடைய சாமர்த்தியம் அதிசயிக்கத்தக்கது. ஆரிஸ் சங்கம் அவர் காலத்தில் எட்டு முறை தேசிய வெற்றிவீரர் பட்டம் பெற்றது. அச்சங்கம் ஐரோப்பியப் போட்டியில் ஆடிய வியாழக்கிழமை இரவுகளில் கிரேக்க நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தனவாம். 1987-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் பிரேயஸ் நகரில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், பேராற்றல் படைத்த சோவியத் அணியைக் கிரேக்கர் 103-க்கு 101 என்று கூடுதல் நேரத்தில் வென்றனர். அன்று காலிஸ் ஒருவரே 40 புள்ளிகள் எடுத்தார். அன்றிரவு ஏதென்ஸ் மாநகரில் உறங்கியவர் இலர். அடுத்து வந்த ஆண்டுகளில் கிரேக்க தேசமெங்கும் சந்து பொந்துகளிலெல்லாம் கூடைக் கம்பங்கள் நாட்டப்பட்டன. அந்த அலையில் எழுந்த ஆட்டத்திடல்களில்தான் பின்னாளில் செப்போலியாச் சிறுவர்கள் விளையாடினார்கள்.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். கடலுக்கு அப்பால் பிறந்து, அப்பால் வளர்ந்து, இருபத்திரண்டாம் வயதில் வந்து இறங்கியவர் முதல் நாளே கிரேக்கர். ஏதென்ஸ் மருத்துவமனையில் கண் விழித்து, ஏதென்ஸ் தெருவிலே தவழ்ந்தவர் பதினெட்டு ஆண்டுகளாக அந்நியர். நம்மவர் ஜாதியைப் பிறவியோடு ஒட்டவைத்து, ஒருவன் என்ன படித்தாலும் என்ன செய்தாலும் அதைக் கழுவ வொட்டாது காத்தார்கள் அன்றோ? இரத்தத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் அந்த அளவுகோல் ஐரோப்பாவிலும் விலை போகிறது என்பதைத்தான் இதிலே காண்கிறோம். அங்கே அதற்குப் புராணம் எழுதவில்லை, சட்டம் எழுதியிருக்கிறார்கள், வேற்றுமை அவ்வளவே.

யானிஸ் பன்னிரண்டு பதின்மூன்று வயது வரையில் கூடைப்பந்தைப் பொருட்படுத்தியவரல்லர். தந்தையாரைப் போல உதைபந்து ஆடவே ஆசை. ஸ்பீரோஸ் வெல்லினியாத்திஸ் என்னும் பயிற்சியாளர் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சகோதரர்களைக் கண்டு, ஓட்டத்தையும் கை நீளத்தையும் பார்த்துத் திகைத்து, ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகள் வருவதென்றால் தெருவில் விற்கும் நேரம் குறையும்; விற்பனை குறைந்தால் அடுப்பு எரியாது. பெற்றோருக்கு ஏதாவது வேலைக்கு வழி செய்தால்தான் பிள்ளைகளைத் திடலுக்கு அழைக்க இயலும் என்பதை அப்பயிற்சியாளர் உணர்ந்திருந்தார். பசித்த வயிற்றிடம் முதலில் சோற்றைப் பற்றிப் பேசியவர் என்பதால் அவர்மீது நமக்கு மதிப்பு அதிகம். ஃபிலாத்லிட்டிகோஸ் என்னும் சிறிய சங்கத்தில் யானிஸும் தமையன் தனாசிஸும் சேர்ந்தார்கள். இருவருக்கும் ஆட்டக் காலணி ஒரு ஜோடிதான். ஒருவர் ஆடி முடித்து வந்து கழற்றிக் கொடுக்க, மற்றவர் மாட்டிக்கொண்டு இறங்குவார். அச்சங்கம் கிரேக்கத்தின் இரண்டாம் பிரிவில் ஆடியது. பார்க்க வருவோர் தொகையும் சொற்பம். எனினும் 2012-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அமெரிக்காவிலிருந்து தரகர்களும் சங்க அதிகாரிகளும் அச்சிறிய கூடத்துக்கு விமானமேறி வரலாயினர்.

இனி வருவதை நேயர்கள் தேதிகளோடு கவனிக்க வேண்டுகிறோம். குடியேறியவர்களின் பிள்ளைகள் கிரேக்கத்தில் பிறந்தோ பள்ளியிற் படித்தோ வளர்ந்திருப்பின் பிரஜா உரிமை பெறலாம் என்று 2010-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. பிறப்பு, சில ஆண்டுப் பள்ளிப் படிப்பு என்னும் புற அடையாளங்கள் போதா, தேசத்தோடு மெய்யான பிணைப்பு வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். எத்தனையோ இளைஞர்கள் முன் அந்தக் கதவு மூடிற்று. மூன்று மாதங்கள் சென்றன. 2013-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் யானிஸுக்குக் கிரேக்கப் பிரஜா உரிமை கிடைத்தது. ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஆண்டுத் தேர்வில் மில்வாக்கி பக்ஸ் அணி அவரைப் பதினைந்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. தேசத்தோடு மெய்யான பிணைப்பு அந்த மூன்று மாதங்களில்தான் அவருக்கு ஏற்பட்டதா? அன்றித் தேசத்துக்குத்தான் அவரோடு ஏற்பட்டதா?

பிரதம மந்திரி அவரை அழைத்துக் கை குலுக்கினார். அதே காலத்தில் ‘பொன் விடியல்’ என்னும் பெயர் சூட்டிக்கொண்ட கட்சியின் தலைவர், தொலைக்காட்சியில் அமர்ந்து அவரைக் குரங்கோடு ஒப்பிட்டுப் பேசினார். தெருவில் நின்று கூவிய உதிரிக் கட்சியன்று அது. 2012-ஆம் ஆண்டுத் தேர்தலில் முந்நூறு இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் பதினெட்டு இடங்களைப் பிடித்திருந்தது. குற்றவாளிக் கும்பல் என்று 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தீர்ப்பளித்துத் தலைவரையும் சிறைக்கனுப்பியது. விடியல் என்று பெயர் வைத்தவர்கள் செய்ததெல்லாம் கறுத்த மேனியரை இருட்டில் துரத்தி அடித்ததுதான்.

மில்வாக்கியில் அவர் முதலில் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. முதலாண்டில் ஆட்டத்துக்குச் சராசரி ஏழு புள்ளிக்கும் குறைவு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தியை, அவர் பின்னாளில் பெற்ற விருதுகளுக்கெல்லாம் மேலாக நாம் மதிக்கிறோம். பெற்றோருக்கு அமெரிக்கா வர அனுமதி கிடைக்கவில்லை, ஏதென்ஸிலேயே இருந்தார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்குப் போகுமுன், கையிலிருந்த பணமனைத்தையும் அவர்களுக்கு அனுப்பிவிட்டார் யானிஸ். வெளியே வந்தபோதுதான் வாடகைக் காருக்குக் கூடக் காசில்லை என்பது தெரிந்தது. குளிர் காற்றில் மெல்லிய சட்டையோடு ஆட்டக் கூடத்தை நோக்கி ஓடலானார். தெருவில் காரோட்டி வந்த தம்பதிகள் அவரை அடையாளங் கண்டு ஏற்றிச் சென்று விட்டார்கள். வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு மாதக் கடைசியை வெறும் தேநீரோடு ஓட்டியவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை.

பிறகு வளர்ச்சி வேகமாயிருந்தது. ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள அவரைப் பயிற்சியாளர், குள்ளமானவர்களுக்கென்று வழக்கமாக ஒதுக்கும், பந்தை நடத்திச் செல்லும் பொறுப்பில் வைத்தார். 2017-ஆம் ஆண்டில் மிகுந்த முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர் என்னும் விருது வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தந்தையார் ஐம்பத்து நான்காம் வயதில் திடீரென்று காலமானார். 2019-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றபோது மேடையில் தந்தையை நினைத்து அவர் விம்மியதை உலகமே பார்த்தது. 2020-இல் அவ்விருது மீண்டும் கிடைத்ததோடு, மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் சேர்ந்து வந்தது. ஒரே ஆண்டில் இரண்டையும் பெற்றவர் அவருக்கு முன் மைக்கேல் ஜோர்டனும், நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவானுமே.

இறுதி வெற்றி 2021-இல் வந்தது. ஜூன் மாதக் கடைசியில் அவர் முழங்கால் பின்புறமாக வளைந்து, இனி அவ்வாண்டு ஆடவே முடியாதென்று பலரும் எண்ணினார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். எதிரி விதி மீறும்போது தண்டனையாக, எவரும் மறிக்காமல் நின்று எறிய ஒரு வாய்ப்புக் கிடைக்கும். சிறுவரும் செய்யத்தக்க அவ்வெறிதலில் இவர் தடுமாறுவார். எறிவதற்கு நெடுநேரமும் எடுத்துக்கொள்வார். எதிரணி ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக் கேலி செய்வது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் ஜூலை 20-ஆம் நாள் இரவு, நமக்கு 21-ஆம் நாள் காலை, பீனிக்ஸ் அணியோடு ஆறாவது ஆட்டம் நடந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டில் அடைபட்டிருந்த நாம், காலைப் பசியாறலைத் தள்ளிவைத்து அதைப் பார்த்தோம். பத்தொன்பது முறை அக்கோட்டின்மீது போய் நின்றார்; பதினேழு முறை பந்து கூடைக்குள் விழுந்தது. அன்று எடுத்தது மொத்தம் 50 புள்ளிகள். மில்வாக்கி 105-க்கு 98 என்று வென்று, 1971-க்குப் பின் ஐம்பதாண்டுக் காத்திருப்பை முடித்தது. தமையன் தனாசிஸும் அதே அணியில் இருந்தார். ஒரு ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்தவர்கள் இருவருக்கும் வெற்றி மோதிரம் கிடைத்தது.

அக்காலையில் நமக்கு நினைவுக்கு வந்தவர் நம் பெரியம்மா. பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பத்து வயது முதல் அத்தோட்டத்திலேயே பால் சேகரித்து, ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். பிறந்த அன்று பிறப்புப் பத்திரம் எழுதி வைப்பார் இல்லை. அதனால் அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. மாதக்கணக்கில் ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். இந்த மண்ணில்தான் பிறந்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். சாட்சி சொல்லத்தக்கவர்களெல்லாம் தோட்டத்துச் சுடுகாட்டிலே இருந்தார்கள். சிவப்புக் கார்டோடேயே அவரும் அங்கு போய்ச் சேர்ந்தார். பெரியம்மாவுக்குப் பந்தைக் கூடையிலிடத் தெரியாது. பால் மரத்தைக் காயப்படுத்தாமல் சீவத் தெரியும். அதற்குக் கிண்ணம் கொடுப்பாரில்லை.

கிரேக்கர் இப்பொழுது யானிஸைக் கொண்டாடுகிறார்கள். அவர் 2016-இல் தமையனோடு கிரேக்க இராணுவச் சேவை செய்தார். 2024-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், மரபுப்படி முதலாவதாகச் சென்ற கிரேக்கத்தின் கொடியைச் செயின் ஆற்றுப் படகில் ஏந்தி நின்றவர்களில் ஒருவர் அவர். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரீகா நகரில் பின்லாந்தை 92-க்கு 89 என்று வென்று கிரேக்க அணி ஐரோப்பியப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பதக்கம் அது. அன்று 30 புள்ளி எடுத்த யானிஸ், ஆட்டம் முடிந்ததும் குழந்தையைப் போல அழுதார். அமெரிக்காவில் தங்கமும் புகழும் குவித்த மனிதர், மூன்றாம் பரிசுக்காக ஏன் இப்படி அழுதார் என்று வியந்தவர்கள் உண்டு. நமக்கு வியப்பில்லை.

இவ்வளவு நேர்ந்தபின் சட்டம் திருந்தியதா என்று நேயர்கள் கேட்கலாம். ஓரளவு திருந்தியது. கிரேக்கத்தில் பிறந்த குடியேறியோர் குழந்தை, தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் சேரும்போது பிரஜா உரிமை கோரலாம் என்று 2015-ஆம் ஆண்டில் புதுச் சட்டம் பிறந்தது. ஆனால் அதற்கொரு நிபந்தனை உண்டு. குழந்தை பிறக்குமுன் பெற்றோரில் ஒருவராவது ஐந்தாண்டுகள் இடையறாமல் சட்டப்படியான அனுமதியோடு அங்கே வசித்திருக்க வேண்டும். அன்றேல் பத்தாண்டுகள் நிறையும் வரை குழந்தை காத்திருக்க வேண்டும். பத்திரமில்லாமல் போலீசுக்கு அஞ்சித் தெருவில் கடிகாரம் விற்கும் தாயின் குழந்தைக்கு அந்த ஐந்தாண்டையும் பத்தாண்டையும் எண்ணத் தொடங்குவதற்கே நாளில்லை. 1991-இல் வந்து, 1994-இல் செப்போலியாவில் பிள்ளை பெற்ற அக்குடும்பத்தை இன்றைய சட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினால், முதல் வகுப்பில் சேரும் யானிஸ் கிரேக்கராகமாட்டார்.